நமக்கு நல்ல நீர் பவளத்திற்கும் நல்லதா?

சிங்கப்பூரில் குழாயைத் திறந்து, கொதிக்க வைக்காமலே நீரைக் குடிக்கலாம். அதே நீரில் கடல் உப்பைக் கரைத்து மீன்தொட்டியில் ஊற்றினால், கோமாளி மீனும் இறாலும் பவளமும் நலமாக வாழுமா? வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான பதிலில் செறிவு, வேதிவினை, சவ்வூடு பரவல் என நீங்கள் படிக்கும் பல பாடங்கள் ஒன்றுசேர்கின்றன.

யாருக்குப் பாதுகாப்பானது?

குடிநீர்த் தரம் என்பது மனித உடலைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. செம்பை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. கடல்மீன்களின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைக் கொல்லவும் செம்பு மருந்தாகப் பயன்படுகிறது. அதற்கு ஒரு லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் போதும். அந்தச் சிறிய அளவையே இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்கள் தாங்குவதில்லை. அதாவது, மனிதருக்கான வரம்பில் பத்தில் ஒரு பங்கே அவற்றுக்கு ஆபத்து.

நம் குழாயில் அவ்வளவு செம்பு வருகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால், செம்புக் குழாய்களில் இரவு முழுவதும் தேங்கி நிற்கும் நீரில் செம்பு சிறிதளவு கரையலாம்.

குளோரமின் செய்யும் வேலை

கிருமிகளைக் கொல்ல நீரில் குளோரின் சேர்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உருவாகும் சேர்மம் அது. குளோரினைவிட நிலையானது என்பதால், நீண்ட குழாய்களைக் கடந்து உங்கள் வீட்டை அடையும்வரை நீரைக் காக்கிறது.

அந்த நிலைத்தன்மைதான் மீன் வளர்ப்போருக்குச் சிக்கல். குளோரின் கலந்த நீரை ஒரு வாளியில் ஓரிரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமின் அவ்வாறு எளிதில் போகாது. நாம் குடிக்கும்போது அது செரிமானப் பாதையில் சிதைந்துவிடுகிறது. மீனுக்கோ அது செவுள் வழியே நேராக இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. நீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது.

கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்தால் போதாதா? அதில் பொதுவாக இருக்கும் சோடியம் தயோசல்பேட், குளோரமினை உடைக்கும். ஆனால் அம்மோனியா எஞ்சிவிடும். கடல்நீரின் பிஎச் ஏறத்தாழ 8.2. பிஎச் 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால், நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு அங்கே பத்து மடங்குக்கு மேல் அதிகம். எனவே, அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீக்கிதானா என்று புட்டியில் படித்துப் பார்ப்பது அவசியம்.

ஆவியாகும் நீர், தங்கிவிடும் பொருள்

தொட்டியிலிருந்து தினமும் நீர் ஆவியாகிறது. தூய நீர் மட்டுமே ஆவியாகும். கரைந்த பொருள்கள் தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். தொட்டியின் கொள்ளளவு 100 லிட்டர். தினமும் 1 லிட்டர் ஆவியாகிறது; அதைக் குழாய்நீரால் ஈடுசெய்கிறோம். அந்நீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 நாளில் சேரும் செம்பு 100 × 0.05 = 5 மில்லிகிராம். தொட்டிநீரை மாற்றாமலும் வேறெதுவும் செம்பை உறிஞ்சாமலும் இருந்தால், செறிவு லிட்டருக்கு 0.05 கூடி 0.10 ஆகும், 200 நாளில் 0.15. முதல் நாள் தீங்கற்றதாகத் தோன்றிய நீர், மெல்ல மெல்ல ஆபத்தை நெருங்குகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இப்படிச் சேர்ந்தால் பாசி பெருகும். பாஸ்பேட் மிகுந்தால் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதும் தடைப்படும்.

தூய நீரை எப்படிப் பெறுவது?

பவளம் வளர்ப்போர் பயன்படுத்துவது எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி. நியூவாட்டர் ஆலைகளிலும் இதே தத்துவம்தான். இயல்பாக நீர், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்குச் சவ்வு வழியே செல்லும். அழுத்தம் கொடுத்து அதைத் திருப்பினால், கரைந்த உப்புகளில் பெரும்பகுதி பின்தங்கிவிடும்.

வீட்டுக் கருவியில் நீர் முதலில் கிளர்வூட்டப்பட்ட கரியைக் கடக்கும். கரி குளோரமினை உடைக்கும். அடுத்து சவ்வு. கடைசியாக, எஞ்சிய அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள்.

வெளிவரும் நீரைக் கரைபொருள் அளவியால் சோதிப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அந்தக் கருவி உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. குளோரமின் மின்னூட்டமற்ற மூலக்கூறு. கருவியின் கண்ணுக்கு அது தெரியாது. அளவி 0 காட்டினாலும், கரி தேய்ந்துபோயிருந்தால் நீரில் குளோரமின் இருக்கக்கூடும். கரியைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். குளோரின் சோதனைப் பொருளாலும் நீரைச் சரிபார்க்க வேண்டும்.

ஆகவே, மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு, குளோரமினையும் அம்மோனியாவையும் கையாளும் நீக்கி சேர்த்த குழாய்நீர் போதுமானதாக இருக்கலாம். இறால், பவளம் வைப்பதென்றால் தூய்மைப்படுத்திய நீரே ஏற்றது. கருவி வாங்க இயலாவிட்டால், தயார்நிலைக் கடல்நீர் விற்கும் மீன் கடைகளை நாடலாம். எந்த நீரானாலும், உயிரினத்தை வாங்குவதற்கு முன்பே அதைச் சோதித்துவிடுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

100 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 35 கிராம் உப்பு உள்ளது. 5 லிட்டர் நீர் ஆவியானபின் உப்பின் செறிவு என்ன? குறைந்த அளவை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றுவீர்களா, உப்பில்லாத நீரையா? ஏன்?

விடை: மொத்த உப்பு 3,500 கிராம். அதை 95ஆல் வகுத்தால், லிட்டருக்குச் சுமார் 36.8 கிராம். உப்பு வெளியேறவில்லை, நீர் மட்டுமே வெளியேறியது. ஆகவே, உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும்.