ஒரு நாள் செல்போன் இல்லாமல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செல்போனையும் இணையத்தையும் தொடுவதில்லை என்று வீட்டோடு முடிவெடுப்பது நல்ல காரியம். ஆனால் அந்த ஒரு நாளிடம் தவறான பலனை எதிர்பார்த்தால் மாலையில் ஏமாற்றமே மிஞ்சும். ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று அடுத்த வாரமே கைவிட்டுவிடுவோம். அப்படி ஆகாமலிருக்க, இதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை: ஒரு நாள் போனை விட்டால் டோபமைன் வடிந்து மூளை புதிதாகிவிடும்.

உண்மை: டோபமைன் மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்; உடலில் தேங்கும் கழிவு அல்ல. கைகால் அசைவுக்கும், புதிதாக ஒன்றைக் கற்பதற்கும், வேலையில் இறங்கும் ஊக்கத்துக்கும் அது வேண்டும். பார்கின்சன் நோயில் குறைந்துபோவது இதே டோபமைன்தான். 2019-இல் ‘டோபமைன் விரதம்’ என்ற பேச்சைப் பரவலாக்கிய அமெரிக்க உளவியலாளர் கேமரன் செப்பாவே, டோபமைனைக் குறைப்பது தன் நோக்கமல்ல என்று விளக்கினார். தூண்டுதல் வந்ததும் அதன் பின்னால் ஓடும் பழக்கத்தைத் தளர்த்துவதையே அவர் சொன்னார்.

நம்பிக்கை: அன்று முழுக்க மனம் அமைதியாக இருக்கும்.

உண்மை: பிரிட்டனில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் 24 மணி நேரம் ஸ்மார்ட்போனை விட்டிருந்தார்கள். மனநிலையிலும் பதற்றத்திலும் மாற்றம் தெரியவில்லை. போன் மீதான ஏக்கம் மட்டும் கூடியது. 2010-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 10 நாடுகளில் சுமார் 1,000 மாணவர்களை ஒரு நாள் எல்லா ஊடகங்களையும் விட்டிருக்கச் சொன்னபோது, எந்த நாட்டிலும் பெரும்பாலோரால் அந்த நாளை முடிக்க முடியவில்லை.

எனவே கை தானாகச் சட்டைப்பையைத் துழாவினால் மனம் தளர வேண்டாம். எப்போது, எதற்காகத் தேடினோம் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். சோறு வேகக் காத்திருந்தபோதா? படுக்கையில் தூக்கம் வராதபோதா? ஒருவரோடு பேச்சு அறுந்தபோதா? இந்த நாள் தரும் பெரிய லாபம் அந்தத் தாள்தான். நம் பழக்கம் எந்த இடத்தில் வேர் பிடித்திருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.

நம்பிக்கை: போனை முழுவதும் அணைத்தால்தான் பலன்.

உண்மை: 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் 467 பேரின் போன்களில் இரண்டு வாரம் இணையம் மட்டும் தடுக்கப்பட்டது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் இருந்தன; கணினியில் இணையமும் உண்டு. பலர் இடையிடையே தடையை நீக்கிக்கொண்டார்கள். அப்படியும் கவனம் நிலைத்து நிற்பதிலும், மனநலத்திலும், வாழ்க்கை பற்றிய நிறைவிலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஆகவே ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் அழைப்பு வரும் வழியை அடைக்க வேண்டியதில்லை. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தினால் போதும். ஜிபே இருக்காது என்பதால் கைச்செலவுக்கு ரொக்கத்தை முந்தைய நாளே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் தேடுகிறவர்களிடம் ‘அவசரமென்றால் கூப்பிடுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்.

உண்மை: மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பின் தம் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாகிறது என்று 1960-இல் எழுதியதிலிருந்து பரவிய கணக்கு இது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அளந்தபோது, ஒரு செயல் பழக்கமாகச் சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய கேடு செய்யவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

நம்பிக்கை: பிள்ளைகளின் கையிலிருந்து போனை வாங்கி வைத்தால் போதும்.

உண்மை: மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் இருக்கிறது. கொரோனா கால ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு பிள்ளைகள் போனை விடாததைக் கண்டு, 2022 ஆகஸ்ட்டில் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கும். உடனே வீடுகளில் டிவியும் போனும் அணையும். 8.30-க்கு அடுத்த சைரன். அதுவரை பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரியவர்களும் திரையைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் வீடு வீடாகச் சென்று நினைவூட்ட வேண்டியிருந்தது. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே மகனைப் படிக்கச் சொல்லும் நிலை அங்கே இல்லை என்பதுதான் அந்த ஒன்றரை மணி நேரத்தின் பலம்.

போனால் தூக்கம், படிப்பு, வேலை எல்லாம் தொடர்ந்து கெடுகிறதென்றால் ஒரு நாள் விரதம் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ‘ஷட்’ கிளினிக் இயங்குகிறது.

மற்றவர்கள் அந்த ஒரு நாளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அன்று எழுதிய தாளைப் பார்த்து, கை அதிகம் தேடிய ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேளையில் வீட்டிலுள்ள எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதலில் வைப்பவர் வீட்டுப் பெரியவராக இருக்கட்டும்.