சிவனொளிபாத மலைக்கு எந்த அடிவாரம்?

மலையேறப் புறப்படுவோர் சிகரத்தின் உயரத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் விசாரிக்கும் அளவுக்கு, நடை தொடங்கும் அடிவாரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. வண்டி செல்லும் பாதை முடிந்து, அதற்குமேல் காலால் மட்டுமே செல்லக்கூடிய இடமே இங்கு அடிவாரம் எனப்படுகிறது. ஒரே மலைக்குப் பல அடிவாரங்கள் இருக்கும்போது, அவற்றுள் எதைத் தேர்கிறோம் என்பதே ஏற்றத்தின் கடுமையையும் நேரத்தையும் திரும்பும் வழியையும் தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு, 2,243 மீட்டர் உயரமுள்ள இலங்கையின் சிவனொளிபாத மலை தக்க சான்றாகும்.

மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணி, இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல, குருவிட்டப் பக்கத்து எரத்ன ஆகிய மூன்று முக்கிய அடிவாரங்களிலிருந்து யாத்திரிகர் ஏறுகின்றனர். நல்லதண்ணி தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், அங்கிருந்து ஏறவேண்டியது 1,000 மீட்டர் அளவே. பலாபத்தலவோ தாழ்நிலத்தை ஒட்டியிருப்பதால், அங்கிருந்து ஏற்றம் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே வரைபடத்தில் சிகரம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று பார்ப்பதோடு நில்லாமல், சிகரத்தின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்துப் பார்ப்பதே முறையான கணக்கு. இந்த வேறுபாடு பழங்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1344-இல், மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அளித்த பல்லக்கோடும் துணையாட்களோடும் புத்தளத்திலிருந்து இம்மலைக்குச் சென்ற அரபுப் பயணி இப்னு பத்தூதா, எளிய வழியை மாமா வழி என்றும் கடிய வழியை பாபா வழி என்றும் குறித்து, எளிய வழியில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் கருதுவதில்லை என்று எழுதியுள்ளார். வேண்டுதலுக்காகக் கடிய வழியை விரும்புவோர் இன்றும் உண்டு, அது மதிக்கத்தக்கது. எனினும் அவ்வழி கடியது என்று அறிந்தே தேர்வதும், அறியாமல் அதில் சிக்கிக்கொள்வதும் வெவ்வேறானவை.

பருவத்தையும் கருதவேண்டும். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தில் பாதை நெடுக மின்விளக்குகள் எரிவதாலும், தேநீர்க் கடைகள் திறந்திருப்பதாலும், முன்செல்வோரைப் பின்தொடர்ந்தே எவரும் ஏறிவிடலாம். அக்காலம் கழிந்ததும் அதே நல்லதண்ணியில் கடைகள் மூடிக்கிடக்க, தோட்டத்துக்குள் கிளைக்கும் பாதைகளில் எது மலைக்குச் செல்கிறது என்று இருளில் தெரிவதில்லை. சூரிய உதயத்தைக் காணும் பொருட்டுப் பின்னிரவில் புறப்பட எண்ணுவோர், முதல்நாள் மாலை வெளிச்சத்திலேயே பாலத்தைக் கடந்து, மகர தோரணம் எனப்படும் அலங்கார வாயில் வரை நடந்து வழியைப் பார்த்துவைப்பது நன்று. அங்குத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தமிழரே ஆதலால், வழி கேட்பதற்கு மொழி ஒரு தடையாகாது. வழிகாட்டி நூல்கள் சிலவற்றில் இவ்வூர் டல்ஹவுசி என்றே காணப்படுவதால், ஹட்டனில் பேருந்து ஏறுவோர் இரண்டு பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

ஏறும்போதைவிட இறங்கும்போதே பிழை மிகுதியாக நேர்கிறது. உச்சியிலிருந்து நல்லதண்ணிப் படிகளும் இரத்தினபுரிப் பக்கத்துப் படிகளும் வெவ்வேறு திசையில் இறங்குகின்றன. மூடுபனியில், கூட்டத்தோடு கூட்டமாக மறுபக்கம் இறங்கிவிட்டால், நல்லதண்ணி விடுதியில் வைத்த பொருள்களுக்காக மலையைச் சுற்றிப் பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்யவேண்டியதாகும். இரத்தினபுரி, குருவிட்ட வழிகள் ஹெரமிட்டிபான என்னுமிடத்தில் ஒன்றுகூடுவதால், அப்பக்கம் ஏறியவர் இறங்குகையில் அந்தப் பிரிவில் நின்று, தாம் வந்த ஊரின் பெயரைச் சொல்லி வழி கேட்டுக்கொள்வது அவசியம். ஏறும்போதே அப்பிரிவைத் திரும்பிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு இவ்விடர்ப்பாடு இல்லை.

முதன்முறை ஏறுவோரும், முதியோரையோ சிறுவரையோ உடன் அழைத்துச் செல்வோரும், யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணி வழியையே தேர்வாராக. மற்ற இரண்டு வழிகளும் மழைக்காட்டையும் அட்டைகளையும் தாங்கிப் பழகியவர்க்கு உரியவை. மழை நாளில் அவற்றில் தனியே செல்லலாகாது.