சர்க்கரைக்கொல்லி சர்க்கரை நோயைக் கொல்லுமா?

சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை வாயில் போட்டு நன்றாக மென்றுவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்துப் பாருங்கள். மணலைத் தின்பது போல இருக்கும். ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு லட்டு, பாயசம் எதுவும் இனிக்காது. உப்பும் புளிப்பும் மட்டும் வழக்கம்போலத் தெரியும். இதற்குச் 'சர்க்கரைக்கொல்லி' என்று பெயர் வந்தது இதனால்தான்.

பெயரைக் கேட்டவுடனே பலருக்கு ஆசை வந்துவிடுகிறது. "டாக்டர், இந்தப் பொடியைச் சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்காமலே நிறுத்திவிட்டு வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இந்த இலையில் அப்படி என்ன இருக்கிறது? ஊட்டியில் வேலை பார்த்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் 1887-ல் இதை ஆராய்ந்து எழுதினார். இனிப்பை மறைக்கும் சத்துக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர். உண்மையில் இது ஒரே பொருள் அல்ல. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல பொருள்கள். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை இவை தற்காலிகமாக அடைத்துக்கொள்கின்றன. குடலிலும் சர்க்கரை உறிஞ்சப்படுவதை இவை தாமதப்படுத்துவதாக விலங்குகளிடம் நடந்த சோதனைகள் காட்டுகின்றன.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையிலேயே. 1990-ல் வெளியான ஆய்வு அது. இன்சுலின் போடாமல் மாத்திரையில் இருந்த 22 பேருக்கு, மாத்திரையோடு இந்த இலையின் சாற்றுச் சத்தைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். ரத்த சர்க்கரை குறைந்தது; மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. 5 பேர் மாத்திரையை விட்டுவிட்டு இலைச் சத்தோடு மட்டுமே சமாளித்தார்கள்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் 22-ல் 5 பேர் என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல், மருத்துவர்களின் கண்காணிப்பில், அளந்து கொடுத்த சத்து அது. கடையில் வாங்கிய பொடியை ஸ்பூனில் குத்துமதிப்பாக எடுத்து வெந்நீரில் போடுவதும் அதுவும் ஒன்றல்ல. சித்த மருத்துவனான நானே இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். நம் மருந்து நல்ல மருந்து என்பதால்தான் சொல்கிறேன்.

இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இன்று வீட்டுக்கு வீடு சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அதிலுள்ள கலேஜின் என்ற சத்து சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை இருந்ததால் நோயாளிகளுக்கு ஒத்துவரவில்லை. அதற்கு உறவான பொருளை ரசாயன முறையில் தயாரித்து, 1957-ல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். செடியிலிருந்து மாத்திரை வரை அவ்வளவு தூரம்!

இலை என்றால் பக்கவிளைவே கிடையாது என்பதும் தவறு. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், யாரிடமும் சொல்லாமல் சிறுகுறிஞ்சானையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடலாம். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சிறு வயதிலேயே இன்சுலின் ஆரம்பித்த குழந்தைகளுக்கு எந்த மூலிகையை நம்பியும் ஊசியை நிறுத்தவே கூடாது. உடம்பில் இன்சுலின் சுரப்பே இல்லாத நிலையில், நிறுத்திய ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் நான் இதைத் தருவதில்லை. ஆபரேஷன் இருந்தால் இரண்டு வாரம் முன்பே பொடியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்த விவரத்தைச் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.