எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முன் பரிசோதனைகள் எதற்காக?

 

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோர் சிலர், செலவுக்கான மதிப்பீட்டுத் தாளை மட்டுமே கொண்டு வருகிறார்கள். "இத்தனை டெஸ்ட் எதற்கு? காசு பிடுங்கத்தானே?" என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குடல்வால் வெடித்தால் காத்திருக்க நேரமில்லை, இது அப்படியல்ல. உடலை ஆயத்தப்படுத்த இதில் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

1. ஆபரேஷன் தேவையா?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 96 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 37.5. பொதுவாக 35க்கு மேல் இருந்தாலோ, 30க்கு மேல் இருந்து சர்க்கரை நோய் போன்றவை சேர்ந்திருந்தாலோ ஆபரேஷனைப் பரிசீலிப்பார்கள். நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், இவ்வரம்பைச் சற்றுக் குறைத்துக் கணக்கிடுவதும் உண்டு. தைராய்டு குறைபாடு போன்ற ஹார்மோன் கோளாறு எடை கூடக் காரணமாக இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

2. இரத்தப் பரிசோதனை

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுடன் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி அளவுகளையும் பார்ப்பார்கள். பருத்த உடலிலும் சத்துக் குறைவு இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் உணவு குறைவதால் அது மேலும் கூடும். எனவே முன்பே சரிசெய்ய வேண்டும்.

3. இதயமும் தூக்கமும்

ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ, நுரையீரல் பரிசோதனை ஆகியவை மயக்க மருந்தை உடல் தாங்குமா என்பதைச் சொல்லும். பலர் மறைப்பது குறட்டையை! தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது ஒரு நோய். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் தடைபடும் ஆபத்து உண்டு. தெரிந்துவிட்டால், இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்தித் தூங்கச் செய்து ஆயத்தப்படுத்தலாம். ஆகவே, நோயாளியின் குறட்டையைப் பற்றி வீட்டார் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

4. இரைப்பையும் கல்லீரலும்

ஸ்கேன் பித்தப்பைக் கல்லையும் கல்லீரல் கொழுப்பையும் காட்டும். எண்டோஸ்கோபி புண், கிருமித் தொற்று, இரைப்பை மேலேறிய குடலிறக்கம் ஆகியவற்றைக் காட்டும். எந்த ஆபரேஷன் என்பதையே இது மாற்றக்கூடும். இரைப்பையைக் குழாய்போல் சுருக்கும் 'ஸ்லீவ்' முறையில் நெஞ்செரிச்சல் அதிகமாகலாம். ஏற்கனவே கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு 'பைபாஸ்' பொருத்தமாக இருக்கலாம்.

5. மனமும் பழக்கமும்

மனநல ஆலோசனைக்கு அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படாதீர்கள். கவலை வந்தால் அளவின்றி உண்ணும் பழக்கம் உண்டா, வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரை சாப்பிடவும் உணவுக் கட்டுப்பாட்டைப் பேணவும் இயலுமா என்பதையே அங்கு பார்க்கிறார்கள். புகைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் காயம் ஆறுவது தாமதமாகும். சாப்பிடும் மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

சகோதரிகளுக்கு: கர்ப்பப் பரிசோதனை அவசியம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கணவரும் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். இரவுத் தூக்கப் பரிசோதனைக்குப் பெண் பணியாளர் வேண்டுமெனக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ரமளான் நெருங்கினால்: ஆபரேஷனுக்குப் பின் தண்ணீரைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் குடிக்க வேண்டியிருக்கும். நோன்பைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டு, அதற்கேற்ப நாளைத் தீர்மானியுங்கள்.

உதவி கோருவோர் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பரிசோதனைக்கே வசதியில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு வழி செய்வதும் உதவிதான். "இப்போது வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னால், வேறு இடம் தேடி ஓடாதீர்கள். காரணத்தைக் கேட்டு, அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன்மீது கத்தி வைக்குமுன் அதை அறிந்துகொள்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.