ஒட்டாமல் எஞ்சிய சுவரொட்டி

தோ பாயோவில் ஒரு வீவக வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குச் சாயம் பூச வேண்டும் என்பதால் சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் காராங்குனிக்காரரின் ஊதுகுழல் ஒலி கேட்கிறது. பழைய செய்தித்தாள், பழுதான மின்விசிறி, பயன்படாத துணிமணி என எல்லாவற்றையும் விலைக்கு எடுத்துக்கொள்பவர் அவர். உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறாள்.

“அதை மட்டும் போட்டுவிடாதே, கண்ணு!” என்று சொல்லியபடியே தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறார்.

பெட்டிக்குள் இரண்டே பொருள்கள். ஒன்று, பழுப்பேறிய சிறிய பாட்டுப் புத்தகம். மற்றொன்று, எட்டாக மடித்த பெரிய தாள். அதை மெதுவாக விரித்தால், சாப்பாட்டு மேசையையே மூடிவிடுகிறது. ‘நாடோடி மன்னன்’ படத்தின் சுவரொட்டி! எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்து, முதன்முறையாக இயக்கவும் செய்த படம் அது, 1958இல் வெளிவந்தது. தாத்தாவின் அண்ணன் அந்தக் காலத்தில் திரையரங்குகளுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். ஒட்டியதுபோக எஞ்சிய ஒன்றைத் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“தாத்தா, இந்த மாதிரிப் பொருள்கள் எல்லாம் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகுமாம். விற்றுவிடலாமா?”

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. அது எளிய கேள்வியன்று. குப்பைக்குப் போக வேண்டிய ஒரு தாள் எப்படி விலைமதிப்புள்ள பொருளாகிறது என்பது தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சுவரொட்டி என்ற சொல்லிலேயே அதன் ஆயுளும் அடங்கியிருக்கிறது. சுவரில் ஒட்டுவதற்காகவே அது அச்சிடப்படுகிறது. ஒட்டிய பின் அதை முழுதாக உரித்தெடுக்க முடியாது. ஓரிரு வாரங்களில் மழை கரைத்துவிடும், வெயில் வெளுக்கச் செய்துவிடும். இரண்டும் நடக்காவிட்டால், அடுத்த படத்தின் சுவரொட்டி அதன்மேல் ஏறிவிடும். அச்சிட்டவரும் ஒட்டியவரும் பார்த்தவரும் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆகவே, இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பழைய சுவரொட்டிகளில் பெரும்பாலானவை ஒட்டப்படாமல் தப்பியவைதாம். தன் வேலையைச் செய்யாமல் போன சுவரொட்டிக்குத்தான் பின்னாளில் மதிப்பு!

பாட்டுப் புத்தகத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். சில காசுகளுக்குத் திரையரங்கில் விற்கப்பட்ட மெல்லிய புத்தகம் அது. அதில் நடிகர்களின் பெயர்கள், பாடல் வரிகள், கதைச் சுருக்கம் ஆகியவை இருக்கும். கதைச் சுருக்கம் மட்டும் முழுதாக இருக்காது. கதாநாயகன் சிக்கலில் மாட்டிக்கொண்ட இடத்தில் நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கடைசி வரி சொல்லும்.

ஆனால், அந்த வெள்ளித்திரையில் காண வேண்டிய படமே இல்லாமல் போய்விட்டால்?

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்தார். இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அக்காலத் திரைப்படச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. வெப்பத்தில் அவை தாமாகவே சிதைந்தும் போகும். மேலும், ஓடி முடிந்த படத்தின் சுருளால் யாருக்கும் பயனில்லை என்று கருதப்பட்டதால், அதில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பல சுருள்கள் அழிக்கப்பட்டன. எனவே, ‘காளிதாஸ்’ எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர் நாளிதழ் விளம்பரம், விமர்சனம் போன்ற தாள்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இதே நிலை சிங்கப்பூரிலும் ஏற்பட்டது. தோ பாயோவிலிருந்து விரைவுச்சாலையைக் கடந்தால் பாலஸ்டியர் சாலை. அதை ஒட்டியுள்ள ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளம் இயங்கியது. 1947 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு மலாய்ப் படங்கள் தயாராயின. பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த மலாய்ப் படங்களில் பலவற்றை இயக்கியவர்கள் இந்தியர்கள். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தை 1950இல் இயக்கியவர் அவரே.

ஷா நிறுவனத்துக்குப் போட்டியாகக் கிழக்குக் கரையோரச் சாலையில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் படமெடுத்தது. அதன் புகழ்பெற்ற பேய்ப்படம் 1957இல் வந்த ‘பொந்தியானாக்’. மரியா மெனாடோ நடித்த அப்படத்தை இயக்கியவரும் ஓர் இந்தியர்தான். அவர் பெயர் பி.என். ராவ். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த அந்தப் படம் இன்று இல்லை. பிரதிகள் தொலைந்துவிட்டன. அந்தப் படம் பற்றிப் பேச வேண்டுமானால் நாளிதழ் விளம்பரங்களையும் புகைப்படங்களையும்தான் தேடிப் போக வேண்டும். கேத்தே-கெரிஸின் மற்றப் படங்களில் பலவற்றுக்கு அந்தக் கதி நேரவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்படக் காப்பகம் அவற்றைப் பாதுகாத்துவருகிறது. 2014இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

படம் அழிந்து தாள் மட்டும் எஞ்சினால் அந்தத் தாளின் விலை என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்பது 1927இல் வெளிவந்த ஊமைப்படம். அதன் கடைசிப் பிரதி 1965இல் எம்.ஜி.எம். நிறுவனக் கிடங்கில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனதாகக் கருதப்படுகிறது. அப்படத்தின் அசல் சுவரொட்டி ஒன்று 2014இல் ஏலத்துக்கு வந்தது. அது 478,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. வாங்கியவரால் அந்தப் படத்தை ஒருபோதும் பார்க்க முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏலம் என்றவுடன் சுத்தியலைத் தட்டி விலை கூறும் காட்சி நம் நினைவுக்கு வரும். ஆனால், வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பொருள் அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது, யார் யார் கைமாறி வந்தது ஆகிய மூன்றையும் ஏல நிறுவனம் ஆராய்கிறது. பிறகு, எவ்வளவு விலை போகலாம் என்று மதிப்பிட்டுப் பட்டியலில் வெளியிடுகிறது. விற்பவர், ‘இந்த விலைக்குக் கீழே கொடுக்க மாட்டேன்’ என்று ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயித்துக்கொள்ளலாம்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்த ஓர் ஏலத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்ற 1939ஆம் ஆண்டுப் படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புக் காலணிகள் அப்போது விற்பனைக்கு வந்தன. 2005இல் ஓர் அரும்பொருளகத்திலிருந்து திருடப்பட்டு, 2018இல் காவல் துறையினரால் மீட்கப்பட்ட காலணிகள் அவை. சுத்தியல் விழுந்தபோது விலை 28 மில்லியன் அமெரிக்க டாலர். ஆனால், வாங்கியவர் செலுத்த வேண்டியிருந்ததோ 32.5 மில்லியன். இடையிலுள்ள தொகை, வாங்குபவரிடம் ஏல நிறுவனம் பெறும் கட்டணம். விற்பவரிடமும் பல நிறுவனங்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். எனவே, செய்தியில் வரும் விலை முழுவதும் விற்றவருக்குக் கிடைத்துவிடுவதில்லை.

இப்படிப்பட்ட தொகைகளைக் கேட்டுவிட்டுத் தாத்தாவின் பெட்டியைப் பார்த்துக் கனவு காணக்கூடாது. போட்டி போட்டு வாங்க இரண்டு பேராவது இருந்தால்தான் ஏலத்தில் விலை ஏறும். தமிழ்ப் படங்களின் சுவரொட்டிகளைத் தேடி வாங்குபவர்கள் ஹாலிவுட் படங்களுக்கு இருப்பதைப்போல் அத்தனை பேர் இல்லை. தாத்தாவின் சுவரொட்டியில் வேறொரு குறையும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த இடத்தை யாரோ அக்கறையோடு ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறார்கள். அக்கறையால் விளையும் கேடுகளில் இதுவே முதன்மையானது. நாடாவின் பசை நாளடைவில் தாளுக்குள் ஊறி, மஞ்சள் கறையாகப் படிந்துவிடும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கும். பழைய தாளை வெயில் படாத இடத்தில், அமிலமற்ற தாளுறையில் வைப்பதே பாதுகாப்பு. கிழிசலைச் சரிசெய்யும் வேலையைத் தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

அசல் எது, நகல் எது என்று காண்பதற்கும் சில வழிகள் உண்டு. பழைய இந்தியச் சுவரொட்டிகளின் அடியில் சென்னை, சிவகாசி போன்ற ஊர்களின் அச்சகப் பெயர் சிறிய எழுத்துகளில் இருப்பதுண்டு. ஓவியர் கையால் தீட்டிய படத்தை அச்சுக்கு மாற்றிய காலம் அது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வண்ணங்கள் படிந்திருக்கும் விதமே அன்றைய அச்சு முறையைக் காட்டிவிடும். இன்று கணினியில் நகலெடுத்தவற்றில் ஒரே சீரான நுண்புள்ளிகளும் பளபளப்பான தாளும் தென்படும். லிட்டில் இந்தியாவில் நினைவுப்பொருளாக விற்கும் நகலை வாங்கி மாட்டிக்கொள்வதில் தவறில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

சரி, விற்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்குச் சென்னையில் ஒரு நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் வாழ்ந்தார். அவர் தமிழ் நூல்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் எனப் பிறர் தூக்கியெறியும் தாள்களையும் பல்லாண்டுகள் சேகரித்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை என்ன செய்வது என்ற கேள்வி குடும்பத்தாருக்கு எழுந்தது. தனித்தனியாக விற்றிருந்தால் அது நாலா பக்கமும் சிதறியிருக்கும். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக விலைகொடுத்து வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், சென்னையிலேயே வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று எவரும் சென்று படிக்கலாம். அங்கே விற்பனையும் நடந்தது, சேகரிப்பும் காப்பாற்றப்பட்டது.

‘நாடோடி மன்னன்’ படத்தோடு தொடர்புடைய இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அப்படத்தின் புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஓர் இளைஞர், தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று பின்னர் அறியப்பட்டார். அவர்தான் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். வேலைக்காகக் கையில் வந்த படங்களையும் குறிப்புகளையும் அவர் தூக்கிப் போடவில்லை. எந்தப் படம் எந்த நாளில் வந்தது, யார் நடித்தார், யார் இசையமைத்தார் என்று ஆண்டுவாரியாக எழுதி வைத்தார். 2004இல் அது ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்ற பெரிய நூலாக வெளிவந்தது. 2016இல் அவர் காலமானார். இன்று ஒரு பழைய படத்தைப் பற்றிய விவரம் தேடுபவர்கள் அந்த நூலைப் புரட்டாமல் இருப்பது அரிது.

ஏலத்தைக் குறை கூறுவோர் இருக்கிறார்கள். ஊருக்கே உரிய வரலாறு பணக்காரர் ஒருவரின் வரவேற்பறைச் சுவருக்குப் போய்விடுகிறது என்பது அவர்களின் கவலை. அதில் நியாயம் உண்டு. ஆனால், விலை உண்டு என்று தெரிந்த பிறகுதான் பல வீடுகளில் பழைய தாள்கள் காராங்குனிக்காரரிடம் போகாமல் நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையான இழப்பு விற்பதில் இல்லை. தாளோடு சேர்ந்து வந்த செய்தி தொலைந்துபோவதில்தான் இருக்கிறது. எந்தத் திரையரங்கு, எந்த ஆண்டு, யார் ஒட்டியது என்பதை அறிந்தவர் இல்லாமல் போனால், தாத்தாவின் சுவரொட்டி மற்ற ‘நாடோடி மன்னன்’ சுவரொட்டிகளைப்போல் வெறும் அச்சுத்தாளாகிவிடும்.

“படம் எங்கே பார்த்தீர்கள், தாத்தா?”

“நார்த் பிரிட்ஜ் சாலையில். டைமண்ட் தியேட்டரா, ராயலா என்றுதான் சரியாக நினைவில்லை. அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்து வயது.”

“பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். விளம்பரம் வந்திருந்தால் தியேட்டர் பெயரும் தேதியும் அதில் இருக்கும்.”

“தேடிப் பார். விற்பதா, நூலகத்துக்குக் கொடுப்பதா என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.”

பேத்தி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொள்கிறாள். பேனாவை நீட்டிய தாத்தாவிடம், “வேண்டாம் தாத்தா, மை ஊறிப் பக்கத்திலிருக்கும் தாளிலும் படியும். பென்சில்தான் நல்லது” என்கிறாள். முதல் வரியில் பெரிய தாத்தாவின் பெயரை எழுதுகிறாள். அடுத்த வரியில் ‘சுவரொட்டி ஒட்டுபவர்’ என்று எழுதிவிட்டு நிமிர்கிறாள்.

“அவர் எந்த எந்தத் தெருவில் ஒட்டினார், தாத்தா?”

கீழே ஊதுகுழல் ஒலி அடுத்த புளோக்கை நோக்கி நகர்ந்துவிட்டது. தாத்தா நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.