கடைப் பெயரும் ஓர் உடைமையே

வீட்டில் பிரியாணி மசாலா, அத்தர், புர்கா விற்கும் நம் சகோதரிகள் பலர், ஜிஎஸ்டி எண்ணும் உணவு உரிமமும் இருந்தாலே கடைப் பெயர் தமக்குச் சொந்தம் என எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பெயருக்கு உறுதியான காப்பு, 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படியான பதிவுதான்.

முதலில், ஒத்த பெயர் ஏற்கெனவே உண்டா என்று அரசின் வணிகச் சின்ன இணையதளத்தில் தேடுங்கள், கட்டணமில்லை. 'ஆம்பூர்' போன்ற ஊர்ப் பெயரை மட்டும் வைத்து உரிமை கோருவது கடினம். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இணையத்தில் கண்ட படத்தை லேபிளில் ஒட்டாதீர்கள். அதற்கும் பதிப்புரிமை உண்டு.

பிறர் உழைத்துச் சேர்த்த பெயரில் விற்பது வாங்குபவரையும் ஏமாற்றுவதே. அந்த வருமானத்தில் பரக்கத்தை நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?