மர்ம நாவலுக்கு ஆய்வுரை வேண்டாம்

பழைய நாடகக் கொட்டகைகளின் காலத்தைக் களமாகக் கொண்டு, காதலும் மர்மமும் கலந்த ஒரு சரித்திர நாவலை எழுதி, அதை இந்த வன்னி மண்ணிலேயே வெளியிட்டவன் என்ற உரிமையில், இவ்வழியே இனி வரப்போகும் இளையோருக்குச் சில விஷயங்களைச் சொல்லிவைக்க விரும்புகிறேன். எழுதுவதில் உள்ள சிரமத்தைக் காட்டிலும், எழுதி முடித்த ரகசியத்தை ஊராரிடமிருந்து காப்பாற்றுவதில் உள்ள சிரமமே பெரிது.

"வன்னியிலே கூத்து உண்டு, கம்பெனி நாடகம் ஏது? நீர் ஏன் அதைத் தொடுகிறீர்?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு அன்று சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், அவ்வழியாக இலங்கைக்கு வந்த தமிழகத்து நடிகர்கள் மடு, செட்டிகுளம் கடந்து மதவாச்சிச் சந்தியை அடைந்தே கொழும்புக்குச் சென்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர்கள் அங்கே வண்டி மாறி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று நம் காட்டினூடாகவே வடக்கே போனார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலில் ஒருங்கே மேடையேறியது 1926இல் கொழும்பில் அல்லவா? தமிழ் நாடக உலகத்தின் தலையாய காதல் நம் தீவிலே அரும்பியிருக்க, அதை எழுத நமக்குப் பாத்தியதை இல்லையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அவ்விருவரையும் நான் பாத்திரங்களாக்கவில்லை. 1933இல் இருபத்தேழு வயதில் கிட்டப்பா மறைய, அதன் பின் வெண்ணிற ஆடையுடன் வாழ்ந்து, பிற ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லையென்று விரதம் பூண்ட அம்மையாரின் துயரத்தின்மேல் நம் கற்பனையை ஏற்றுவது அபசாரம். அக்காலத்தின் வாசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; அக்காலத்து மனிதரின் அந்தரங்கத்தை விட்டுவிடுங்கள்.

மர்மம் எங்கேயிருந்து பிறக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. பாரிஸ் நகரத்து இசை நாடக அரங்கில் 1896ஆம் ஆண்டு பெருந்தீபத்தின் எதிர்ப்பாரம் அறுந்து விழுந்து ஒரு பெண்மணி மாண்டாள். பின்னாளில் காஸ்டன் லெரூ அந்த அரங்கைக் களமாக்கி எழுதிய புகழ்பெற்ற மர்ம நாவலில் தீபமே சபையோர்மேல் விழுகிறது. அரங்கின் உறுப்பே அங்கே ஆபத்தாயிற்று. நமக்கும் அத்தகைய உறுப்பு ஒன்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் நடிகர் எல்லோருக்கும் மனப்பாடமாயிருந்தமையால், ஸ்பெஷல் நாடகம் என்ற முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி நேரே மேடையிற் சந்திப்பது வழக்கமாயிற்று. முகம் முழுதும் அரிதாரம் பூசிய ஒருவன், தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு, வசனமும் பாட்டும் பிசகாமல் உள்ளே நுழைந்துவிட்டால், விடியுமட்டும் அவனை யார் சந்தேகிக்கக்கூடும்? என் நாவலின் முழுப் பாரமும் இந்த ஒரு தூணிலேதான் நின்றது. நாயகியான ஸ்திரீபார்ட் காதலிப்பது பாடுகின்ற குரலையா, அந்தக் குரலுக்குரிய ஆளையா என்ற கேள்வி கடைசி அத்தியாயம் வரை அவளை வாட்டும். வாசகரையும் வாட்ட வேண்டும்.

ஆதாரங்களைத் தேடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டிலும் போர் முடிந்த 2009க்கு முற்பட்ட காகிதம் ஒன்றும் மிஞ்சியிராது. யாழ்ப்பாண நூலகத்தில் இருந்தவை 1981இலேயே எரிந்தன. நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தைப் பாருங்கள். சென்னையிலே ரோஜா முத்தையா நூலகத்தைப் பாருங்கள். ஊரிலே எஞ்சியிருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார்களின் காலடியில் உட்காருங்கள். 2015இல் மறுபடி திறந்த தலைமன்னார் ரயில் பாதையின் வண்டியில் ஒருமுறை ஏறிப் போங்கள். அச்சகம், அட்டைப்படம், பிழைதிருத்தம் ஆகியவை எல்லோருக்கும் நேர்வன; அவற்றைத் தாண்டிவிடலாம்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய நஷ்டத்தைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் ஒரு நூல் வெளிவருவதென்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், ஆய்வுரை, ஏற்புரை என்று ஒரு கிரமம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். என் விழாவை நடத்தித் தந்தவர்கள், நேரமாகிவிடும் என்று காரணம் காட்டி, ஆய்வுரையைச் சிறப்புப் பிரதிகளுக்கு முன்னே நகர்த்திவிட்டார்கள். ஆய்வுரை செய்ய வந்த பெரியவர் கல்விமான். நாவலை ஊன்றிப் படித்திருந்தார் என்பதையும் மறுக்கமாட்டேன். அவர் முதல் அத்தியாயத்தில் தொடங்கி, நாயகி மதவாச்சியில் வண்டி மாறிய இரவைச் சொல்லி, வேடப்பெட்டியிற் கிடந்த கடிதத்தைச் சொல்லி, சபையோர் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த உற்சாகத்தில், அரிதாரத்துக்குள் இருந்தவன் யார் என்பதையும் பெயர் சொல்லி உடைத்துவிட்டு, "ஆசிரியர் இதை அற்புதமாகக் கையாண்டிருக்கிறார்" என்று என்னைப் புகழ்ந்தார்! சபை கரகோஷம் செய்தது. பின்பு பிரதி வாங்க எழுந்து வந்தவர்கள் என் சுற்றத்தாரும் கடமைக்காக வந்தவர்களுமே. மற்றவர்கள் கதை முழுவதையும் கேட்ட திருப்தியுடன் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் சந்தையிலே கண்ட ஒரு பெண்மணி, "உங்கட கதை நல்ல கதை தம்பி, அந்த ஐயா வடிவாச் சொன்னவர்" என்றார். அவர் புத்தகத்தைத் திறந்தும் பார்த்திருக்கவில்லை.

இதைப் பெரியவரிடமே பணிவாக முறையிட்டபோது, அவர் சொன்ன சமாதானம் சிந்திக்கத்தக்கது. "முல்லைத்தீவிலே கோவலன் கூத்தை விடிய விடியப் பார்க்கிற சனம், கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரியாமலா பார்க்கிறது? நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்துக்கு ஊரூராகச் சனம் திரண்டது, அரிச்சந்திரன் கதை தெரியாமலா? முடிவு தெரிந்தால் ரசம் கெடுமென்பது மேனாட்டார் கொள்கை," என்றார்.

அவ்வாதத்தை நான் பலநாள் யோசித்தேன். அது பொருந்தாது என்றே இன்றும் கருதுகிறேன். கூத்திலே முடிவைச் சபை அறியும். சிலம்பைத் தூக்கிக்கொண்டு போகிற கோவலன் அறியான். அந்த அறியாமையைக் கண்டு, தடுக்கவும் முடியாமல் சபை பதைக்கிறதே, அதுவே அங்கே ரசம். புராணமாகவும் காவியமாகவும் ஊருக்கே சொந்தமாகிவிட்ட கதைக்கு அது தகும். ஆனால் நான் எழுதிய நாயகி எந்தப் புராணத்திலும் இல்லாதவள். அவள் இருளில் நடக்கும்போது வாசகரும் அவளுடன் அதே இருளில் நடந்தால்தான், தான் நேசித்தவனைச் சந்தேகிக்க நேர்ந்த ஒரு பெண்ணின் வேதனை அவருக்கு விளங்கும். விடையை அறிந்துவிட்ட வாசகர் அவளைப் பேதையென்று எண்ணுவார். பெரியவர் அன்று பறித்தது, அவள்மேல் வாசகர் கொள்ள வேண்டிய இரக்கத்தை.

ஆகவே நீங்கள் மர்ம நாவல் எழுதினால், யார் வற்புறுத்தினாலும், எத்தகைய உறவு குறுக்கே நின்றாலும், ஆய்வுரைக்கு இடமளிக்காதீர்கள். நயப்புரை வைத்தே தீர வேண்டுமென்றால் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் அச்சிட்டுப் பேச்சாளரிடம் கொடுங்கள். மீதியை மேடையில் வைத்து மற்றவர்களுடன் அவரும் பெறட்டும். முன்னுரை கேட்டு முழுப் பிரதியையும் அனுப்பவே வேண்டாம். என் இரண்டாம் நாவலுக்கு இவ்வாறே ஏற்பாடு செய்திருக்கிறேன். விழாவில் ஆய்வுரைக்குரிய நேரத்தில் முள்ளியவளையிலிருந்து வரும் அண்ணாவியார் ஒருவர் கூத்துப் பாட்டுப் பாடுவார். அறிஞர்கள் சிலர் இதனால் மனத்தாங்கல் கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆய்வு செய்ய விரும்புவோர் விழா முடிந்து ஆறுமாதம் பொறுத்து எழுதட்டும். எழுதுவதை நானே முதலில் வாங்கிப் படிப்பேன்.